கொழும்பில் பழைய பின்பால் மெசின் வாங்கப் போறீங்களா?

கண்ணாடிக்குக் கீழே பந்தைத் தட்டி விளையாடும் இந்த மெசினில் லைட் மினுங்குவதைப் பார்த்து மயங்கி உடனே விலை பேசிவிடாதீர்கள். முதலில் கரண்ட். அமெரிக்காவில் ஓடிய மெசின் 120 வோல்ட்டுக்கு செட் பண்ணியிருக்கும், எங்கட வீட்டுக்கு வருவது 230, அப்படியே பிளக்கைக் குத்தினால் கதை முடிந்தது. பல மெசின்களில் டிரான்ஸ்போமர் இணைப்பை மாற்றிக்கொள்ளலாம், அதை மாற்றியாச்சா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். 80கள், 90களில் வந்த பல மெசின்களில் போர்டிலேயே பற்றரி இருக்கும், அது கசிந்தால் பச்சையாகப் பூத்து செப்புக் கோடுகளை அரித்துவிடும், அதனால் டோர்ச் அடித்து பற்றரிக்குக் கீழே வடிவாகப் பாருங்கள். பச்சை கண்டால் விலை குறைத்துத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன். வெள்ளவத்தைப் பக்கம், கடற்காற்றில் நின்ற மெசின் என்றால் துருவையும் தேடுங்கள்.

ஒரு ஆட்டம் போதாது, அரை மணித்தியாலமாவது விளையாடுங்கள். சூடேறியதும் பந்தைத் தட்டும் பிளிப்பர் சோர்ந்து, பந்து ரேம்ப் என்ற சரிவுப் பாதையில் ஏறாமல் திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம், அது திருத்தக்கூடியதுதான். ஆடுதளத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தால்தான் செலவு.

எடை 100 கிலோவைத் தாண்டும். கால்களைக் கழற்றி, தலைப்பெட்டியை மடிக்கலாம், சரி, ஆனால் பிளாட்டில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கமுதல் லிப்டை அளந்துவிடுங்கள்.