சூப்பர் ஹீரோ ரசிகர் படம்: பறக்க வேண்டாம், இறங்கினால் போதும்

பிடித்த ஹீரோவை வைத்து ரசிகர்களே எடுக்கும் குறும்படம்தான் ரசிகர் படம். கடலூர் சில்வர் பீச்சில் நாங்கள் எடுத்த முதல் படத்தில் பேட்மேன் கடைசி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் கடலில் இறங்கும் சூரியனுக்கு முன்னால் அவரைக் கறுப்பு உருவமாக நிறுத்தலாம் என்று கிளம்பிப் போனோம். நம் கடல் கிழக்கே இருக்கிறது என்பது மணலில் நின்ற பிறகுதான் உறைத்தது. வெயில் மொத்தமும் அவர் முகத்தில். அந்த மாதிரி காட்சி வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும்.

சரி, கையில் ஒரு போன், நாலு நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதை வைத்து எப்படி எடுப்பது என்று பார்ப்போம்.

படி 1: கதையைச் சுருக்குங்கள்

மூன்று நிமிடம், ஒரு சக்தி, ஓர் இடம். சான்டி கொலோரா என்ற இயக்குநர் 2003இல் எடுத்த 'பேட்மேன்: டெட் எண்ட்' ரசிகர் படங்களில் பெயர் வாங்கிய ஒன்று. அதுவே எட்டு நிமிடம்தான். இரவு, மழை, ஒரு சந்து, அவ்வளவே. உங்கள் ஹீரோ உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம். கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் காணாமல் போன ஐஸ் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

படி 2: உடை

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் டிராக் பேன்ட், முழுக்கை பனியன், பழைய ரெயின்கோட் எல்லாம் தேறிவிடும். முகமூடிக்கு ஸ்டேஷனரி கடை ஃபோம் ஷீட் போதும். செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசையை இரண்டு ஓரத்திலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் கழன்றுவிடும்.

முதுகுத் துணிக்கு சாட்டின் வேண்டாம். வெயிலில் மினுமினுத்து மாறுவேடப் போட்டியை ஞாபகப்படுத்தும். நீளம் கெண்டைக்கால் வரை போதும். கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். தோளில் வெல்க்ரோ வையுங்கள். எங்காவது மாட்டினால் துணிதான் கழன்று வர வேண்டும், கழுத்து இறுகக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறவே கூடாது.

படி 3: போனைத் தயார் செய்யுங்கள்

வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்), ஷட்டர் 1/50, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் பதிகிற நேரம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கில் வைத்தால் டியூப் லைட்டும் தெருவிளக்கும் படத்தில் துடிக்காது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். கடற்கரையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலம் போட்டுவிடும்.

படி 4: பறக்கும் காட்சி

புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. பின்னணியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பச்சைத் துணி கட்டி, ஹீரோவை ஸ்டூலில் குப்புறப் படுக்கவைத்து, ஃபேனைப் போட்டு இரண்டு நாள் பாடுபட்டோம். கடைசியில் நீச்சல் பழகுகிற மாதிரி இருந்தது. பறப்பதைக் காட்டவே காட்டாதீர்கள். பறந்து வந்து இறங்கியதைக் காட்டுங்கள்.

நாலு ஷாட் போதும். முதலில், சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பவர் அண்ணாந்து பார்க்கிறார். அடுத்து, மணலில் ஒரு நிழல் வேகமாக ஓடுகிறது. அட்டையை வெட்டிக் குச்சியில் கட்டி ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினால் நிழல் தயார். மூன்றாவது, இரண்டு கால்கள் தரையில் மோதுகின்றன. போனைத் தரையோடு தரையாக வைத்து, வினாடிக்கு 120 ஃபிரேமில் (ஸ்லோ மோஷன்) எடுங்கள். குதிப்பது ஒன்றரை அடி ஸ்டூலில் இருந்துதான். குதிக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு பிடி கோலமாவைத் தூவிவைத்தால் படம் மெதுவாக ஓடும்போது புழுதி எழும்பி முட்டி வரை மறைக்கும். முட்டியைத் தரையில் இடிக்கச் சொல்லாதீர்கள், சினிமாவில் அழகு, நிஜத்தில் வலி.

நாலாவது, ஹீரோ நிமிர்கிறார், முதுகுத் துணி விரிகிறது. காற்று நாம் கேட்கும்போது அடிக்காது. அதற்குத்தான் தங்கூசி. மீன் வலைக்கடையில் கிடைக்கும் அந்த மெல்லிய நைலான் நரம்பைத் துணியின் இரண்டு கீழ் முனைகளிலும் கட்டி, ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பேர் குந்திக்கொண்டு மாற்றி மாற்றிச் சுண்டினால் புயலே வந்த மாதிரி படபடக்கும். நரம்பில் வெயில் பட்டு மின்னினால் கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள்.

முகமூடியோடு ஒருவர் இருட்டில் ஓடினால் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. புதுச்சேரி பீச் ரோட்டில் அதிகாலையில் வண்டிகள் விடமாட்டார்கள், எடுக்க வசதி. ஆனால் வாக்கிங் வருகிறவர்கள் நின்று யோசனை சொல்வார்கள்.

படி 5: சத்தம்

அலையும் காற்றும் வசனத்தை விழுங்கிவிடும். வீட்டில் கதவைச் சாத்தி, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு திரும்பப் பேசி ஒட்டுங்கள். இறங்கும் சத்தத்துக்கு அரிசி மூட்டையைத் தரையில் போட்டுப் பதிவு செய்தோம். துணி படபடப்பதற்குக் குடையைத் திறந்து திறந்து மூடினோம். வெட்டி ஒட்ட, கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, போன் மட்டுமென்றால் கைன்மாஸ்டர்.

படி 6: ஏற்றுவதற்கு முன்

பேட்மேனும் சூப்பர்மேனும் டிசி நிறுவனத்துக்குச் சொந்தம், ஸ்பைடர்மேன் மார்வெலுக்கு. 'இது ரசிகர் படம்' என்று முதலில் எழுதிப் போடுவது மரியாதைதான், கவசம் ஆகாது. காசு வசூலிக்காதீர்கள், விளம்பர வருமானத்தையும் நிறுத்திவையுங்கள். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர் படம் ஒன்று பெரிய அளவில் பணம் திரட்டப் போய் வழக்கு வரை சென்றது. 2016இல் அந்தத் தொடரின் உரிமையாளர்களே ரசிகர் படங்களில் ஒரு கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது பின்னணி இசை. படத்தின் ஒரிஜினல் தீம் மியூசிக்கைப் போட்டால் யூடியூபின் தானியங்கி சோதனையே பிடித்துவிடும். தெருவில் பறை வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். எங்கள் இரண்டாவது படத்தில் ஹீரோ வரும்போது பறைதான் ஒலிக்கும். இப்போது ஹீரோவாக நடித்தவன் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் பையன்கள் டேபிளில் அந்தத் தாளத்தைத் தட்டுகிறார்கள்.