‘வொர்க்’: ‘ஒரு வேலை’ என்று எண்ணுவதால் வரும் தவறுகள்

‘எனக்கு ஒரு வேலை இருக்கு’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் ‘ஐ ஹேவ் எ வொர்க்’ என்று வந்து விழும். நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களிடமும் இது ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் வேலையை எண்ணலாம்: ஒரு வேலை, ரெண்டு வேலை, நாலு வேலை. ஆங்கில ‘வொர்க்’ தண்ணீர் மாதிரி. கொஞ்சம், நிறைய என்று சொல்லலாம். ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. ஆகவே முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘ஸ்’ வராது. ‘ஐ ஹேவ் சம் வொர்க் டு டூ’ என்றால் சரி. நிறைய இருந்தால் ‘எ லாட் ஆஃப் வொர்க்’. எண்ணித்தான் சொல்ல வேண்டுமென்றால் சொல்லையே மாற்றிவிடுங்கள்: ‘த்ரீ டாஸ்க்ஸ்’ அல்லது ‘த்ரீ திங்ஸ் டு டூ’. ‘ஹோம்வொர்க்ஸ்’ என்பதும் இதே தவறுதான்.

பாராட்டும்போது ‘யூ டிட் எ கிரேட் வொர்க்’ என்கிறோம். ‘எ’ வேண்டுமானால் ‘எ கிரேட் ஜாப்’. ‘வொர்க்’ வேண்டுமானால் வெறும் ‘கிரேட் வொர்க்’. இரண்டையும் கலக்கக் கூடாது.

சம்பளத்துக்குப் போகும் வேலைக்கு ‘ஜாப்’ என்ற சொல் இருக்கிறது. ‘காட் எ வொர்க்’ தவறு, ‘காட் எ ஜாப்’ சரி. ஆனால் ‘லுக்கிங் ஃபார் வொர்க்’ என்றும் சொல்லலாம், ‘லுக்கிங் ஃபார் எ ஜாப்’ என்றும் சொல்லலாம். வம்பு வரும் இடம் வேறு. ‘ஐ லெஃப்ட் மை ஜாப்’ என்றால் ராஜினாமா. ‘ஐ லெஃப்ட் வொர்க் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினேன், அவ்வளவுதான். இந்த அர்த்தத்தில் ‘வொர்க்’ என்பது இடம். அதற்கு ‘தி’ சேர்ப்பதில்லை. ‘கோ டு வொர்க்’, ‘ஷீ இஸ் அட் வொர்க்’.

‘வொர்க்ஸ்’ என்ற சொல்லே இல்லையா என்றால், இருக்கிறது. ஓர் எழுத்தாளரின் படைப்புகள் ‘வொர்க்ஸ்’. ஒரே படைப்பு ‘எ வொர்க் ஆஃப் ஆர்ட்’. இங்கே மட்டும் எண்ணலாம். ‘ஸ்டீல்வொர்க்ஸ்’ என்றால் எஃகு ஆலை. ஒரே ஆலையானாலும் அந்த ‘ஸ்’ போகாது.

‘எ பீஸ் ஆஃப் வொர்க்’ என்பதில் மட்டும் கவனம். ஓவியத்தையோ கட்டுரையையோ அப்படிச் சொல்லலாம். ‘ஹீ இஸ் எ பீஸ் ஆஃப் வொர்க்’ என்று ஆளைச் சொன்னால், அவரோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று பொருள். மேலாளரைப் புகழ நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.