ஐப்பசி அடைமழை முதல் தைப்பனி வரை: காவிரி டெல்டாவில் அடக்கமாகவும் அழகாகவும் உடுத்துவது எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் துணிக்கடைகளின் இணையதளங்களில் இலையுதிர்காலம், குளிர்காலம் என்று புது ஃபேஷன் வரிசைகட்டும். கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், கழுத்தை மூடும் ஸ்வெட்டர். அந்த உடைகள் பிறந்த நாடுகளில் குளிரைத்தான் சமாளிக்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நிலைமையே வேறு. வடகிழக்குப் பருவமழை ஊரை நனைத்துக்கொண்டிருக்கும். மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 முதல் 22 டிகிரி வரைதான் இறங்கும். பத்து மணி வெயிலில் 27ஐத் தொட்டுவிடும்.

அதனால் இங்கே அடக்கமான உடைக்கு அளவுகோலும் வேறு. முழுக்கை, கணுக்கால் வரை நீளம் எல்லாம் இருந்தும், பஸ் ஸ்டாண்டில் ஒரு தூறலில் துணி உடம்போடு ஒட்டி உள்ளாடையின் கோடு தெரிந்தால் அந்த நீளத்தால் என்ன பயன்? நனைந்த பிறகும் மறைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதை வைத்துத்தான்.

படி 1: துணியைச் சோதியுங்கள்

கடையில் துணியை ஒற்றை மடிப்பாகப் பிடித்து, பின்னால் கையை விரித்து வையுங்கள். காய்ந்த துணியிலேயே விரல்களை எண்ண முடிந்தால் அது மழைக்காலத்துக்கு ஆகாது. விரல் தெரியாவிட்டால் செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகப் பளிச்சென்று வந்தால் லைனிங் கட்டாயம். மங்கலாகப் பரவினால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு முனையை நனைத்து முன்கையில் போட்டு இன்னொரு முறை பாருங்கள். காய்ந்த பருத்தியில் நூல்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் வெளிச்சம் ஊடுருவிவிடும். வெள்ளை, சந்தனம், இளம் ரோஸ் எல்லாம் மழையில் கைவிடுவது இதனால்தான்.

மல்மல், வாயில் (voile) என்ற இரண்டு மெல்லிய பருத்தித் துணிகளையும் சித்திரைக்கு எடுத்து வையுங்கள். இந்த மாதங்களுக்கு நெருக்கமாக நெய்த கேம்ப்ரிக், ஆங்காங்கே தடித்த நூலில் நெய்த ஸ்லப் காட்டன், கொஞ்சம் கனமான கைத்தறி, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி ஆகியவை நல்லவை. ரேயான் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நனைந்தால் கனத்துப்போய்க் கீழே இழுக்கும், உடம்போடு ஒட்டும், முதல் சலவையில் சுருங்கவும் செய்யும். ரேயான் டாப்ஸ்தான் வேண்டுமென்றால் தேவையான உயரத்தைவிட 2 அங்குலம் கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். ஜார்ஜெட் சீக்கிரம் காயும் என்றாலும் லைனிங் இல்லாமல் போடவே கூடாது.

வெற்று நிறத்தைவிட உடல் முழுக்கச் சின்னப் பூவோ கட்டமோ போட்ட துணி மழைக்கு உகந்தது. ஈரத்திட்டும் சேறும் அதில் சட்டென்று கண்ணில் படாது.

படி 2: நிறம்

குளிர்கால ஃபேஷனில் இருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளக் கூடியது நிறங்களைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் இலையுதிர்கால நிறம் என்று சொல்வதெல்லாம் நம் பட்டுக்கடைகளில் பாட்டி காலத்திலிருந்து புழங்குபவை: அரக்கு, செங்காவி, கடுகு மஞ்சள், பாக்கு நிறம், கத்திரிப்பூ, மயில்கழுத்து. நிறங்களுக்கு எண் வைத்து வரையறுக்கும் பான்டோன் நிறுவனம் 2025க்கு அறிவித்த ஆண்டு நிறமான மோக்கா மூஸ் ஒரு மென்மையான காப்பிப் பழுப்பு. வெட்டிய பாக்கைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை.

ஓர் உடையில் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். பெரிய பரப்புக்கு அடர்ந்த நிறம் ஒன்று, பேன்ட்டுக்கு அதைவிட அடர்ந்தது ஒன்று, ஷாலில் மட்டும் வெளிச்சமான ஒன்று. அரக்கு டாப்ஸ், பாக்கு நிறப் பேன்ட், கடுகு மஞ்சள் ஷால் போட்டுப் பாருங்கள். நகையே வேண்டியிருக்காது.

அடர்நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு: சாயம். புதுத் துணியின் உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அதைத் தனியாகக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, சாயம் நின்ற பிறகே வெளிர்நிற ஷாலோடு சேர்த்து உடுத்துங்கள். இல்லையென்றால் முதல் மழையிலேயே ஷால் பாழ்.

படி 3: உள்ளே போடுவது

வெளிர்நிற உடைக்குள் வெள்ளைச் சிமீஸ் போடுவது பலரும் செய்யும் தவறு. வெள்ளை அப்படியே விளிம்பு கட்டித் தெரியும். உங்கள் தோலின் நிறத்துக்கு நெருங்கிய நிறமே வெளியே தெரியாது. சிமீஸ் இடுப்போடு நிற்காமல் தொடைப் பாதி வரை இறங்கட்டும். பனியன் துணியில் இருந்தால் குளிருக்கும் அது போதும், ஸ்வெட்டர் தேவைப்படாது.

லெக்கின்ஸை எப்போதும் உட்கார்ந்தும் குனிந்தும் சோதியுங்கள். நிற்கும்போது கறுப்பாகத் தெரியும் துணி, முழங்காலில் இழுபட்டதும் சாம்பல் நிறமாக வெளுத்தால் அது மெல்லிய துணி என்று அர்த்தம். டாப்ஸ் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் மட்டும் அதைப் போடலாம்.

படி 4: டெய்லரிடம் கொடுக்கும் அளவு

நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு 44 அங்குல உயரத்தில், முழுக்கை வைத்த ஏ-லைன் டாப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். துணி அகலம் 44 அங்குலம். முன்பக்கம் மடிப்போடு 46, பின்பக்கம் 46, இரண்டு கைகளும் பக்கம் பக்கமாக 24. மொத்தம் 116 அங்குலம், கிட்டத்தட்ட 2.95 மீட்டர். பருத்தி சுருங்கும் என்பதால் 3.25 மீட்டர் வாங்குங்கள். உடம்புப் பகுதிக்கு மட்டும் லைனிங் 2.5 மீட்டர் போதும்.

லைனிங்கை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டக் கொடுங்கள். மேல்துணியையும் அப்படியே. இதைச் செய்யாமல் தைத்தால் இரண்டு சலவைக்குப் பிறகு லைனிங் சுருங்கி, தையலோரம் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். பிரித்துத் தைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. லைனிங்கின் கீழ்விளிம்பு டாப்ஸைவிட 2 அங்குலம் குறைவாக, மேல்துணியோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகத் தொங்க வேண்டும்.

மார்பளவுக்கு மேல் 4 அங்குலம் லூஸ் கேளுங்கள். அதற்குக் குறைந்தால் ஈரத்தில் ஒட்டும், 6க்கு மேல் போனால் சாக்குப்பை போலத் தெரியும். தோள்பட்டையை மட்டும் உங்கள் எலும்பு அளவுக்குச் சரியாக வைக்கச் சொல்லுங்கள். தளர்ந்த உடை கச்சிதமாகத் தெரிவதும் தொளதொளவென்று தெரிவதும் தோள்பட்டையைப் பொறுத்ததுதான். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பக்க ஓபன் இடுப்பின் மிக அகலமான இடத்துக்கு 2 அங்குலம் கீழே தொடங்கட்டும். ஓபனே வேண்டாம் என்பவர்கள் கீழ்ச்சுற்றளவு 60 அங்குலமாவது வைக்க வேண்டும். நேர்வெட்டில் ஓபனை மட்டும் இறக்கினால் பஸ் படியில் கால் வைத்ததும் ஓபன் முனை கிழியும். முன்கழுத்து 6 அங்குல ஆழத்தைத் தாண்ட வேண்டாம். தைத்து வந்ததும் கண்ணாடி முன் நின்று, வாசலில் கோலம் போடுவதுபோல் குனிந்து பாருங்கள். கழுத்து விலகினால் உள்பக்கம் ஒரு டிச்சுப் பட்டன் வைத்தால் சரியாகிவிடும்.

கை நுனியை 8 அல்லது 9 அங்குலச் சுற்றளவில், 3 அங்குல ஓபனும் பட்டனும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சாப்பிடவும் பாத்திரம் கழுவவும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யவும் முழங்கைக்கு மேலே தள்ளிவிடலாம். எலாஸ்டிக் வைத்தால் ஈரம் அங்கேயே தங்கி மணிக்கட்டு அரிக்கும்.

பேன்ட் நேர்வெட்டாக, கணுக்கால் எலும்புக்கு 1 அங்குலம் மேலே நிற்கட்டும். கால் தெரியக் கூடாது என்பவர்கள் அடர்நிறக் காலுறை போட்டுக்கொள்ளலாம். அகலப் பலாசோவை மழைநாளில் தவிருங்கள். கீழ்விளிம்பு நனைந்தால் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல ஈரம் மேலே மேலே ஏறும்.

படி 5: மேலே ஓர் அடுக்கு

விடியலில் போட்டுக்கொண்டு பத்து மணிக்குக் கழற்றிப் பையில் வைக்க முடிய வேண்டும். அதனால் முன்பக்கம் முழுக்கத் திறக்கும் ஷ்ரக் அல்லது மேல்கோட்டு மட்டும் வாங்குங்கள். தலைவழியே போடும் ஸ்வெட்டரைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் டாப்ஸும் கூடவே ஏறும், தலைமுடியும் கலையும். கதர், மெல்லிய டெனிம், மெல்லிய கார்டுராய் மூன்றும் இந்த ஊர்க் குளிருக்குச் சரியான கனம். கம்பளியும் ஃப்ளீஸும் நம் ஈரக்காற்றில் வியர்வையைத்தான் கொடுக்கும்.

மேலடுக்கு இடுப்பெலும்போடு நிற்கலாம், இல்லையென்றால் டாப்ஸ் விளிம்புக்கு 4 அங்குலம் மேலே நிற்கலாம். இரண்டும் ஒரே உயரத்தில் முடிந்தால் தைக்கத் தெரியாமல் தைத்தது போலிருக்கும். உள்ளே பூப்போட்டது என்றால் மேலே வெற்று, உள்ளே வெற்று என்றால் மேலே கட்டம்.

படி 6: ஷால், தலைத்துணி

ஷாலை 4 அங்குல அகல மடிப்புகளாக மடித்து, டாப்ஸின் தோள்தையல் மேல் வைத்துப் பின் குத்துங்கள். வெறும் துணியில் குத்தினால் ஷாலின் கனத்தில் கிழியும், தையலில் குத்தினால் தாங்கும். பின்னைக் குத்துவதற்கு முன் அதில் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்துக்கொண்டால் பின்னின் சுருளில் நூல் சிக்காது.

ஸ்கூட்டியிலோ பைக்கிலோ போகும்போது ஷாலை இரண்டு பக்கமும் தொங்கவிடாதீர்கள். குறுக்காகப் போட்டு இடுப்புக்கு மேலே முடிச்சிட்டு, அதன்மேல் ரெயின்கோட்டைப் போடுங்கள். பின்சக்கரத்தில் ஷால் சிக்கினால் கழுத்து இறுகி உயிருக்கே ஆபத்து. சேலை முந்தானைக்கும் இதே எச்சரிக்கை. ரெயின்கோட்டில் மேல்சட்டை, பேன்ட் என இரண்டு துண்டாக வருவதையே வாங்குங்கள். போர்வைபோல் வருவது காற்றில் தூக்கிக்கொள்ளும்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் பர்தா அணிபவர்களுக்கு நிதா என்ற பாலியஸ்டர் துணி இந்தப் பருவத்துக்குப் பொருந்தும். கறுப்பு நிறம் மங்காது, சீக்கிரம் காயும். தரையைத் தொடும் விளிம்பை மழை முடியும்வரை 2 அங்குலம் மடித்துக் கைத்தையல் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு பிரித்துவிடலாம். தலைத்துணிக்கு 180க்கு 70 சென்டிமீட்டர் அளவு வசதி. உள்தொப்பி பருத்தியில் இருக்கட்டும். ஈரத்தலையில் கட்டாதீர்கள். நாற்றமும் பொடுகும் அங்கேதான் ஆரம்பிக்கும். தலை காய நேரமில்லாத நாளில் தலைக்குக் குளிக்காமல் இருப்பதே மேல்.

படி 7: சேலை கட்டுபவர்களுக்கு

சேலையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். அதில் முழங்கை வரையிலான கை வரும், முழுக்கை வராது. முழுக்கைக்கு 1 முதல் 1.25 மீட்டர் தனியாக எடுக்க வேண்டும். பொருத்தமான நிறம் தேடி அலையாமல் சேலைக் கரையின் நிறத்தை எடுத்தால் எப்போதும் சேரும். பின்கழுத்து 4 அங்குலத்தோடு நிற்கும் முழுக்கைப் பிளவுஸ், கட்டம் போட்ட சேலைக்கு அவ்வளவு பாந்தமாக இருக்கும்.

மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பேர்பெற்ற கூறைச்சேலை பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்வது. தைமாதக் கல்யாணங்களுக்கு, கனமும் அளவாக, பார்க்கவும் அழகாக, இதற்கு இணை குறைவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டை ஐப்பசி மழையில் வெளியே எடுக்காதீர்கள். நீர்த்துளி விழுந்த இடம் கறையாக நிற்கும், ஈரம் தங்கினால் ஜரிகை கறுக்கும். மழை ஓய்ந்த தையில் கட்டுங்கள்.

உள்பாவாடை சேலையைவிட 1 அங்குலம் குறைவாக, சேலையின் நிறத்திலேயே இருக்க வேண்டும். முந்தானையை விரித்துவிடாமல் ஐந்து மடிப்பாக எடுத்துத் தோளில் ஒரு பின், மார்புக்கு மேல் உள்பக்கமாக ஒரு பின் குத்துங்கள். இடுப்பு தெரியாமலிருக்க, முந்தானையின் கீழ்விளிம்பை வலது இடுப்பில் உள்பாவாடையோடு சேர்த்து மூன்றாவது பின். கையை உயர்த்திப் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் நின்று பாருங்கள். இழுத்தால் அந்த மூன்றாவது பின்னை ஓர் அங்குலம் பின்னால் தள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

செருப்பு பின்வார் உள்ளதாக இருக்கட்டும். ஹவாய் செருப்பு அடிக்கு அடி சேற்றை அள்ளிக் கெண்டைக்காலில் தெளிக்கும். தெளித்த வண்டல் சேற்றை ஈரத்தில் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி உதிர்த்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

நனைந்த உடையைச் சுருட்டி வாளியில் போட்டு வைத்தால் கரும்புள்ளிப் பூஞ்சை விழும், அது பிறகு போகவே போகாது. உடனே அலசி, ஃபேனுக்குக் கீழே ஹாங்கரில், கைகளை விரித்துப் போடுங்கள். தையலோரமும் கை மடிப்பும்தான் கடைசியில் காயும் இடங்கள். அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக் காயவைத்த பிறகே பீரோவில் வையுங்கள்.