கட்டையான போர்வேட் ஒருவனை எடைபோடுவது எப்படி? கொப்பியும் பேனையும் போதும்

போன மாதம் எங்கள் கூடைப்பந்துக் கழகம் புதிதாக ஒரு பொடியனை எடுத்தது. உயரம் 5 அடி 9 அங்குலம். ஆடும் இடம் பவர் போர்வேட், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நின்று பந்துக்கு மோதுகிற இடம். அதுவும் முதல் ஐவரில் இல்லை, வாங்கில் இருந்து எழும்பிப் போகிற மாற்று ஆள். முதல் நாள் பயிற்சியில் கோர்ட் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்ற ஒரு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மனே, இந்தக் கட்டையன எதுக்கு எடுத்தீங்க? வளையத்துக்குக் கீழ நிண்டா ஆளே தெரியாது."

மட்டக்களப்பில் வேலிக்கு வெளியே நிற்கிறவரின் பேச்சையும் லேசாகத் தள்ள முடியாது. கூடைப்பந்து இங்கே நேற்று வந்த விளையாட்டு இல்லை. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் நின்று வளர்த்தது. 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரிடம் பழகிய பொடியன்மார் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டவர்கள். வேலியில் சாய்ந்து நிற்கிற மாமா அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

அவருக்கு நான் சொன்ன பதில், "நல்லா ஓடுறான் மாமா." அவர் சிரித்தார். நாயும்தானே ஓடுது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பில் அது இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. ஆட்டம் பார்க்கத் தொடங்குகிற தம்பி, தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன். ஒரு கொப்பி, ஒரு பேனை, மணிக்கூடு பார்த்துச் சொல்ல ஒரு கூட்டாளி, மூன்று ஆட்டம். இவ்வளவும் இருந்தால் ஆளை எடைபோடலாம்.

படி 1: உயரத்தை விடுங்கள், கையை அளவுங்கள்

வளையம் தரையில் இருந்து 3.05 மீற்றர், அதாவது 10 அடி. பந்தைப் பிடிப்பது உச்சந்தலை இல்லை, விரல் நுனி. பொடியனைச் சுவரோரம் நிறுத்துங்கள். விரலில் வெண்கட்டித் தூள் தடவி, குதிக்கால் எழும்பாமல் கையை நீட்டி ஒரு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். மறுகா, நின்ற இடத்தில் குதித்து ஒன்று. மறுகா, இறங்கின கையோடு மூச்சு எடுக்காமல் உடனே இன்னொன்று.

இந்த மூன்றாவது அடையாளம்தான் முக்கியம். வளையத்துக்குக் கீழே பந்து ஒரே தடவையில் கையில் விழுவது குறைவு. தட்டுப்பட்டு, தட்டுப்பட்டுத்தான் வரும். இரண்டாவது தடவை யார் முதலில் மேலே போகிறானோ அவன் கையில்தான் பந்து. எங்கள் கட்டையனை 5 அடி 11 அங்குலக்காரன் ஒருவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தோம். உயரத்தில் 2 அங்குலம் இருந்த இடைவெளி, கையை நீட்டினதும் 1 அங்குலமாகியது. இரண்டாவது குதியில் கட்டையன் மேலே.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கிலும் இது பழைய கதை. டெனிஸ் ரொட்மன் 6 அடி 7 அங்குலம். அந்த லீக்கில் வளையத்துக்குக் கீழே நிற்கிறவர்களோடு பார்த்தால் சின்ன ஆள். அவர் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 பருவம் ரீபவுண்டில், அதாவது தவறின எறியின் பந்தை எடுப்பதில், முதலிடம். சார்ள்ஸ் பார்க்லியை 6 அடி 6 என்று எழுதியிருப்பார்கள். அவரும் 1986-87இல் முதலிடம் பிடித்தவர்.

படி 2: பந்தைப் பார்க்காதீர்கள்

கஷ்டமான வேலை, முதல் ஆட்டத்தில் உங்களால் முடியாது. கண் தானாகப் பந்துக்குப் பின்னால் போகும். பரவாயில்லை. ஒரு கால்பகுதி மட்டும், அந்த 10 நிமிடம், உங்கள் ஆளின் இடுப்பைப் பாருங்கள். கையும் தலையும் எதிரியை ஏமாற்றும், பார்க்கிற உங்களையும் ஏமாற்றும். இடுப்பு ஏமாற்றாது.

படி 3: புள்ளிப் புத்தகத்தில் இல்லாத பத்தி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நான் பிழைவிட்டதும் இங்கேதான்.

சில வருடத்துக்கு முதல் ஒரு சுற்றுப்போட்டியில் புள்ளிப் புத்தகம் என் கையில். எங்களிடம் இப்படியே ஒரு கட்டையான மாற்று ஆள் இருந்தான். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவன் பேருக்கு நேரே ரீபவுண்ட் 1. "இதுக்கா இவன்?" என்று நான்தான் கோச்சிடம் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் அவனை இறக்கவில்லை. எதிரணியின் நெட்டையன் தவறின பந்தையெல்லாம் தேங்காய் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கி எடுத்தான். முதல் ஆட்டத்திலும் அதே நெட்டையன்தான் எங்களுக்கு எதிராக நின்றவன். அன்றைக்கு அவன் ஒன்றும் பொறுக்கவில்லை. ஏன் பொறுக்கவில்லை என்று எழுத என் புத்தகத்தில் பத்தி இல்லை.

ஆகவே கொப்பியில் நீங்களே ஒரு பத்தி கீறுங்கள். தலைப்பு: "அவன்ட ஆள்". எறி தவறுகிற ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஆள் மறித்து நிற்கிற எதிரி அந்தப் பந்தை எடுத்தானா? எடுத்தால் பெருக்கல் அடையாளம். எடுக்காவிட்டால் ஒரு கோடு. பந்து எங்கள் பக்கத்தில் யார் கைக்குப் போனாலும் கோடுதான்.

நல்ல பொக்ஸ் அவுட், அதாவது எதிரியைப் பந்துக்கு வரவிடாமல் உடம்பால் மறிப்பது, எப்படி இருக்கும்? எறி கையை விட்டுப் போனதும் மோசமானவன் வளையத்தை நிமிர்ந்து பார்ப்பான். நல்லவன் முதலில் தன் எதிரியைத் தேடுவான், முன்னங்கையால் தொட்டு இடத்தைப் பிடிப்பான், பிறகு திரும்பி முழங்காலை மடித்துத் தன் பின்பக்கத்தை அவன் தொடையில் கொண்டுபோய் வைப்பான். கட்டையனுக்குக் கடவுள் கொடுத்த வரம் இது. நெட்டையனின் இடுப்புக்குக் கீழே அவனால் இலகுவாக இறங்க முடியும். தொடையில் பாரம் ஏறினவனால் குதிக்க முடியாது. அப்படி மறித்துவிட்டு அவன் பந்தைத் தொடாமலே நிற்பான், பக்கத்தில் நிற்கிற எங்கள் உயரமான சென்டர் சும்மா கையை நீட்டி எடுப்பான். கைதட்டு சென்டருக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள்: பந்து எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிகிறதா? மூலையில் இருந்து எறிந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். தூரத்து எறி தூரத்துக்குத் தெறிக்கும். ரொட்மன் தன் அணிக்காரர்கள் எறிந்து பழகும்போது பந்து சுழல்வதைப் பார்த்துப் படித்தவர். கச்சான் காற்று அடிக்கிற பின்னேரத்தில், கூரையில்லாத எங்கள் கோர்ட்டில், இந்தப் படிப்புக்கு இன்னும் ஒரு வகுப்புக் கூட.

படி 4: ஓட்டத்தைப் பிரியுங்கள்

வியர்வையைப் பார்த்து மயங்காதீர்கள். ஓட்டம் இரண்டு வகை. ஒன்று, போய்ச் சேருகிற ஓட்டம். மற்றது, பிழையான இடத்தை விட்டு வந்ததால் திரும்ப ஓடுகிற ஓட்டம். இரண்டாவது பார்க்க வீரமாக இருக்கும், சனம் கைதட்டும். உண்மையில் தானே உடைத்த பானையை ஒட்டவைக்கிற வேலை அது.

கொப்பியில் இவற்றுக்கு மட்டும் கோடு போடுங்கள்: எதிரணியின் பாஸில் விரல் பட்டது, தரையில் உருண்ட பந்தை எடுத்தது, சார்ஜ் வாங்கினது (பாய்ந்து வருகிறவனுக்கு முன்னால் நின்று மோதலை வாங்கி, பவுலை அவன் தலையில் போட்டது), ஸ்கிரீன் போட்டு, அதாவது எதிரியின் வழியில் நின்று, தன் அணிக்காரன் எறிய வழிவிட்டது. என்.பி.ஏ. 2016 பிளேஓஃப் காலத்தில் இருந்து இவற்றை எண்ணி வெளியிடுகிறது. அதற்கு முதல் அங்கேயும் "நல்லா ஓடுறான்" என்ற கதைதான்.

படி 5: பவுல்

5 பவுலோடு ஆள் வெளியே. ஒரு கால்பகுதியில் அணிக்கு 4 பவுல் நிறைந்தால், அதற்குப் பிறகு நாங்கள் தடுக்கையில் செய்கிற ஒவ்வொரு பவுலுக்கும் எதிரணிக்கு 2 இலவச எறி. துடிப்பான கட்டையன்மார் அதிகம் வழுக்குவது இங்கேதான். கை எட்டாத இடத்தில் அடிப்பார்கள். வளையத்துக்கு நேரே போகிறவனை நிறுத்தின பவுலை மன்னிக்கலாம். 8 மீற்றர் தூரத்தில், நேரம் முடிகிற நிலையில், சும்மா நிற்கிறவனின் கையைத் தட்டினதை மன்னிக்க முடியாது. இரண்டையும் வேறு வேறாக எழுதுங்கள். மத்தியஸ்தர் சரியா பிழையா என்ற ஆராய்ச்சி வேண்டாம், அது தேநீர்க் கடைக்கு.

படி 6: பந்து எங்கள் கையில் இருக்கும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இவனிடம் எதிர்பார்ப்பதும் சுருக்கம். எதிரணி இவனைத் தனியே விட்டுவிட்டு எங்கள் நல்ல எறிகாரனை இரண்டு பேராக மறிக்கும். அப்போது இவன் மூலையில் நின்று எறியைப் போடுவானா? மூன்று புள்ளிக் கோடு மற்ற இடத்தில் 6.75 மீற்றர், மூலையில் 6.60. 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கர் அந்த மூலையில் நின்றே பெயர் எடுத்தவர், 2021இல் மில்வோக்கி அணியோடு என்.பி.ஏ. கிண்ணமும் தூக்கினார். எறி வராவிட்டால், எங்கள் எறி தவறின பந்தையாவது திருப்பி எடுக்கவேண்டும். வளையத்தில் பட்ட பந்தை எடுத்தால் அணிக்கு எறிய இன்னும் 14 விநாடி. இரண்டும் இல்லாவிட்டால் நாங்கள் 4 பேரோடு ஆடுகிறோம்.

படி 7: கணக்கு

ஒரு ஆட்டத்தில் 12 நிமிடம் ஆடி 3 ரீபவுண்ட் எடுத்தான் என்று வைப்போம். 40 நிமிடத்துக்குப் பெருக்கி "10 எடுப்பான்!" என்று துள்ளாதீர்கள். மாற்று ஆள் மற்ற அணியின் மாற்று ஆட்களோடு மோதுகிறான், களைப்பும் அவனுக்குக் குறைவு. அவன் கோர்ட்டில் நின்ற நேரம் இரு பக்கமும் எத்தனை எறி தவறி, எடுக்கக் கிடைத்தது என்று எண்ணுங்கள். 20 என்றால் அவன் பங்கு 15 வீதம். கோர்ட்டில் 10 பேர், சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 10 வீதம். ஆக 15 நல்லது. ரொட்மனுக்கு வாழ்நாள் முழுக்க 23 வீதத்துக்கும் மேலே, அதனால் கோவிலும் கட்டவேண்டாம்.

பிறகு "அவன்ட ஆள்" பத்தியை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். தான் எடுத்தது குறைவு, தன் எதிரி எடுத்ததும் குறைவு என்றால் ஆள் வேலை செய்கிறான். தான் எடுத்தது கூட, எதிரி எடுத்ததும் கூட என்றால் மறிப்பதை விட்டுவிட்டுப் பந்துக்குப் பறக்கிறான்.

எங்கள் பொடியனின் மூன்று ஆட்டக் கொப்பி இப்போது என் முன்னால் கிடக்கிறது. "அவன்ட ஆள்" பத்தியில் கோடுகள் வரிசையாக, பெருக்கல் அங்கொன்று இங்கொன்று. பவுல் பத்தி கொஞ்சம் அசிங்கம். மூலை எறி, அதைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் ஐவரில் போடுங்கள் என்று எழுதமாட்டேன். அவனுக்குக் கொடுக்கிற 12 நிமிடத்தை 15 ஆக்கலாம், அந்த 15இல் எதிரணியின் நெட்டையன் கோர்ட்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து இறக்கவேண்டும் என்று கோச்சிடம் சொல்லியிருக்கிறேன். கொப்பியை வேலிப் பக்கம் மாமாவிடமும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "கையெழுத்து விளங்கல்ல மனே" என்று திருப்பித் தந்தார்.