பாம்புப் பெட்டிக்கு வெப்பம்: மின்இணைப்பைப் பாதுகாப்பாக அமைக்கும் முறை

சேலத்தில் பால் பைத்தான் (ball python) அல்லது கார்ன் ஸ்நேக் (corn snake) ஆகிய அயல்நாட்டுப் பாம்புகளை வளர்ப்பவர்கள் வெப்பக் கருவி வாங்குவதற்கு முன், பாம்பு இருக்கப்போகும் அறையின் வெப்பநிலையை இரவும் பகலுமாகச் சில நாள் அளந்து பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அப்போது பாம்புக்குத் தேவைப்படுவது குளிர்ந்த அறையே தவிர வெப்பம் அல்ல. குறித்த வெப்பநிலை வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், வெப்பக் கருவியை நிறுத்துமேயொழிய அறையைக் குளிர்விக்காது. மார்கழி, தை இரவுகளில்தான் நகருக்குள் இந்தக் கருவிக்கு உண்மையான வேலை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலோ ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் வெப்பம் வேண்டும். பனிமூட்டத்தின் ஈரமும் இடிமழைக் கால மின்வெட்டும் அங்கே கூடுதல் சிக்கல்கள்.

சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களை 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டுப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுமுனை 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டும் சற்றுக் குறைவு. நகர வீட்டில், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும் 15 அல்லது 20 வாட் வெப்பப் பாய் (பெட்டியின் அடியில் வைக்கும் மின்சாரப் பாய்) பெரும்பாலும் போதும். ஏற்காட்டில் காற்றையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருப்பதால் ஒளி இல்லாமல் வெப்பம் மட்டும் தரும் 60 அல்லது 100 வாட் செராமிக் ஹீட்டர் தேவைப்படலாம். மின்சாரத்தில் சூடேறும் செயற்கைப் பாறைகளை வாங்க வேண்டாம். வயிற்றின் கீழே சுடுவதை உணர்ந்து உடனே விலகும் வழக்கம் பாம்புக்குக் குறைவு. தோல் வெந்த பிறகும் அதே இடத்தில் படுத்திருக்கும். வெப்பப் பாய் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை இணைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

முதலில் சுவரில் உள்ள பாயின்ட்

பல வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சில வோல்ட் காட்ட வேண்டும். இந்தச் சோதனை கம்பி இணைந்திருப்பதை மட்டுமே சொல்லும்; எர்த் குழி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இது சான்றாகாது. சேலத்தைச் சுற்றியுள்ள பாறைப்பாங்கான நிலத்தில், அதிலும் கோடையில் குழி காய்ந்துவிட்டால், எர்த்தின் மின்தடை மிகவும் கூடிவிடும். அந்த நிலையில் உலோக மூடியில் மின்சாரம் கசிந்தாலும் மின்னோட்டம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. விழும் அளவுக்கு மின்னோட்டம் பாயாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. இருந்தால், எர்த் ஓரளவு பலவீனமாக இருக்கும்போதும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே பாம்பு அறைக்குச் செல்லும் மின்வழியில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இதைப் பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் வழி ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிப் போகிறதா என்பதையும் அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

ஆர்.சி.சி.பி. கசிவை மட்டுமே பார்க்கும். கருவி அளவுக்கு மீறிச் சூடாவது அதற்குத் தெரியாது.

கன்ட்ரோலரை இணைத்தல்

தெர்மோஸ்டாட்டாக, எளிதில் கிடைக்கும் எஸ்.டி.சி.-1000 வகை டிஜிட்டல் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். இதன் 230 வோல்ட் மாடலில் 1, 2 எண் முனைகளுக்கு மின்சாரம், 3, 4-க்கு சென்சார், 5, 6-க்கு வெப்பக் கருவியின் ரிலே, 7, 8-க்குக் குளிரூட்டும் கருவியின் ரிலே. கன்ட்ரோலரின் மேல் ஒட்டியுள்ள படம் இதே வரிசையைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். ரிலே தானாக மின்சாரம் தராது, சுவிட்ச் போலத் திறந்து மூடும், அவ்வளவுதான். எனவே ஃபேஸிலிருந்து ஒரு கம்பியை 5-க்குக் கொண்டுவந்து, 6-இலிருந்து ஹீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஹீட்டரின் மறுமுனை நேராக நியூட்ரலுக்குப் போகும். இந்த இணைப்புகள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் நுழையும் ஃபேஸ் கம்பியில் 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றை வையுங்கள். 100 வாட் ஹீட்டர் எடுப்பது 0.43 ஆம்பியர்தான்.

வயரின் நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கருவியுடன் வரும் மூன்று கோர் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். மும்முனை இணைப்புள்ள வீட்டின் சுவருக்குள் ஓடும் நீலமோ ஃபேஸாக இருக்கக்கூடும், அங்கே நியூட்ரல் கறுப்பு. நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு கம்பியையும் அளந்த பின்பே, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, திருகை முடுக்குங்கள். இழைக் கம்பியின் நுனியில் ஈயம் வைத்துத் திருகின் கீழ் முடுக்குவது தவறு. ஈயம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளர்ந்து, அந்த இடமே சூடாகும். நுனிக்குச் சிறிய உலோகக் குழல் மாட்டி அழுத்துவதே சரி. இவை அனைத்தும் மூடியுள்ள பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள், பாம்புப் பெட்டியை விட உயரமான இடத்தில் இருக்க வேண்டும். வயர் பாக்ஸிலோ சாக்கெட்டிலோ நுழைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். வயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

செராமிக் ஹீட்டரின் வெளிப்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும் என்பதால், அதற்குப் பீங்கான் ஹோல்டரும் சிலிக்கான் உறையுள்ள வயரும் வேண்டும். இது திருகு வகை. ஃபேஸ் கம்பி ஹோல்டரின் நடு முனைக்கும், நியூட்ரல் திருகு வளையத்துக்கும் போக வேண்டும். மாற்றிவிட்டால் ஹீட்டரைத் திருகும் கை தொடக்கூடிய வளையத்தில் மின்சாரம் நிற்கும். உலோகக் கவசம், வலை மூடி இரண்டையும் எர்த்துடன் இணையுங்கள். பாம்பு ஹீட்டரைச் சுற்றிக்கொள்ள முடியாதபடி கம்பிக்கூண்டும் வேண்டும்.

சென்சாரும் இரண்டாவது காவலும்

வெப்பப் பாய்க்குரிய சென்சாரைப் பெட்டிக்கு வெளியே, பாய்க்கும் கண்ணாடி அடிப்பகுதிக்கும் நடுவே பொருத்துவதே நல்லது. அங்கே பாம்பு அதை நகர்த்தாது, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தாலும் நனையாது. உள்ளே வைத்த சென்சார் இடம்பெயர்ந்து குளிர்ந்த மூலைக்குப் போய்விட்டால், கன்ட்ரோலர் பாயை இடைவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும்போது உட்புறம் சில டிகிரி குறைவாகவே இருக்கும் என்பதால், பாம்பு படுக்கும் இடத்தில் தனித் தெர்மாமீட்டர் வைத்து அளந்து செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். செராமிக் ஹீட்டருக்குச் சென்சார் உள்ளேதான் இருந்தாக வேண்டும். அதைக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். டேப் ஒருபோதும் வேண்டாம்: ஒரு மூலை பிரிந்தால் போதும், பாம்பின் தோலில் ஒட்டிக்கொண்டு, அது நெளிய நெளியச் செதில்களைப் பிய்த்துவிடும்.

ரிலேயின் உலோக முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இத்தகைய கன்ட்ரோலர்களில் நிகழக்கூடிய பழுது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், ஹீட்டர் மட்டும் நிற்காது. ஆகவே தனிச் சென்சாரும் தனி ரிலேயும் கொண்ட இரண்டாவது கன்ட்ரோலரைத் தொடரிணைப்பில் சேர்த்து, முதலாவதை விட 3 டிகிரி கூடுதலாக வையுங்கள். கே.எஸ்.டி.-9700 வகை வெப்பத் துண்டிப்பான் மலிவானது, தீயைத் தடுக்கவும் செய்யும். ஆனால் அது 45 டிகிரியில் துண்டிப்பதற்குள் பாம்பின் வயிறு வெந்துவிடலாம். இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஆகும் சில நூறு ரூபாயை இங்கே மிச்சப்படுத்த வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

பாம்பை விடுவதற்கு முன்

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஹீட்டரின் மின்தடையை அளந்தால், 20 வாட் பாய் சுமார் 2,600 ஓம், 100 வாட் செராமிக் சுமார் 530 ஓம் காட்டும். வெகுவாக வேறுபட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வெறும் பெட்டியை இரண்டு நாள் ஓடவிட்டு, அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைக் குறித்துவையுங்கள். முதல் கன்ட்ரோலரின் சென்சாரை வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் வைத்து, இரண்டாவது கன்ட்ரோலர் உரிய அளவில் ஹீட்டரை நிறுத்துகிறதா என்று பாருங்கள்.

மெயினை அணைத்துப் போட்டு, செட்டிங் மாறாமல் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். 20 வாட் பாய்க்கு 8 மணி நேரத்துக்கு 160 வாட்-மணிதான் செலவு. வீட்டு இன்வெர்ட்டர் இதை எளிதாகத் தாங்கும். ஹீட்டரை முழுதாக நிறுத்தாமல் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட் வைத்திருந்தால் சைன்வேவ் இன்வெர்ட்டர் தேவை.

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருகுகளை முடுக்குங்கள். பிளக்கின் பின்களில் கறுப்போ பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறையோ தெரிந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏற்காட்டில் மழைக்காலம் முடிந்ததும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, முனைகளில் பச்சை பூத்திருந்தால் அந்த நீளத்தை வெட்டிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.