ஆல்-கான்ஃபரன்ஸ் விருது வாங்கியாச்சு, சின்னக் கல்லூரி அணியில் இடம் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் பள்ளி பாஸ்கெட்பால் சீசன் முடிந்து, பள்ளி கேஃபடீரியாவில் நடந்த விருந்தில் பிள்ளையின் பெயரை வாசித்து ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: "அப்போ எந்த காலேஜ்ல ஸ்காலர்ஷிப்?" என் மகள் ஆல்-கான்ஃபரன்ஸ் முதல் அணியில், அதாவது பள்ளிகள் சேர்ந்து ஆடும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில், வந்த வருடம் நானும் இதே கேள்வியைத்தான் அவளுடைய கோச்சிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஜிபிஏ எவ்வளவு?" என்று மதிப்பெண் சராசரியைத் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாஸ்கெட்பால் ஆடும் பையன்கள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் மூன்று டிவிஷன்களில் ஏதாவது ஒன்றில் ஆடுகிறார்கள், டிவிஷன் 1 என்றால் நூற்றுக்கு ஒருவர். இண்டியானாவில் 1939 முதல் கொடுத்துவரும் மிஸ்டர் பாஸ்கெட்பால் (மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்) மாதிரி பட்டம் வாங்கும் பிள்ளைகளைத் தேடிப் பெரிய பல்கலைக்கழகங்களே வரும், அவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். ஆல்-கான்ஃபரன்ஸ், ஆல்-ஏரியா (வட்டார அளவு), சின்ன கிளாஸில் (மாணவர்கள் குறைந்த பள்ளிகளின் பிரிவில்) ஆல்-ஸ்டேட் (மாநில அளவு) வாங்கியவர்களுக்குத்தான் இது. இவர்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் டிவிஷன் 2, டிவிஷன் 3, என்ஏஐஏ (பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள் உள்ள இன்னொரு விளையாட்டு அமைப்பு), இல்லையென்றால் ஜூகோ எனப்படும் இரண்டு வருட ஜூனியர் கல்லூரி.

பணம் எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டிவிஷன் 2 அணி ஒன்றுக்குப் பத்து முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் அனுமதி, என்ஏஐஏ-வில் எட்டு. கோச் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதினைந்து பேருக்குக் கொடுப்பார், ஆகவே "ஸ்காலர்ஷிப் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் விடாதீர்கள். ஜூகோவில், அவற்றுக்கான அமைப்பான என்ஜேசிஏஏ-வின் டிவிஷன் 1 என்றால் முழுச் செலவும் கொடுக்க முடியும், அங்கேயே டிவிஷன் 3 என்றால் ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. என்சிஏஏ டிவிஷன் 3-ல் 400-க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே பாஸ்கெட்பாலை வைத்து ஒரு டாலர்கூடத் தரக்கூடாது என்பது விதி. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருவார்கள், அங்கே ஆடுகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் இப்படி ஏதோ ஒரு உதவி வாங்குகிறவர்கள்தான். மகளின் கோச் ஜிபிஏ கேட்டதற்குக் காரணம் இதுதான். டிவிஷன் 3-ல் பிள்ளைக்குச் சம்பாதித்துக் கொடுப்பது ஜம்ப் ஷாட் இல்லை, கெமிஸ்ட்ரி மார்க்.

இப்போது அந்த விருது எதற்கு உதவும்? மின்னஞ்சலின் முதல் இரண்டு வரிக்கு. ஒரு வேலை செய்து பாருங்கள்: நீங்கள் குறிவைக்கும் கல்லூரி அணியின் ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சொடுக்கிப் படியுங்கள். கேப்டன், ஆல்-கான்ஃபரன்ஸ், ஆல்-ஸ்டேட், ஆயிரம் பாயிண்ட் கிளப் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் நாலு வரி இருக்கும். அந்த அறையில் எல்லோரிடமும் அதே பலகை இருக்கிறது. இது எனக்கு உறைத்த அன்று கொஞ்சம் வலித்தது, அப்புறம் தெளிவு வந்தது.

ஆனாலும் விருதைச் சரியாகச் சொல்லத் தெரியவேண்டும். "ஆல்-ஸ்டேட்" என்று மொட்டையாகப் போட்டால் கோச்சுக்கு ஒன்றும் புரியாது. எந்த மாநிலம், எந்த கிளாஸ், முதல் அணியா மூன்றாம் அணியா, கோச்சுகள் ஓட்டுப் போட்டதா பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்ததா என்று ஒரே வரியில் எழுதட்டும். எதிரணிக் கோச்சுகள் ஓட்டுப் போட்டுக் கிடைத்தது என்றால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தக் கோச்சுகளில் ஒருவருக்கே கல்லூரிக் கோச் ஃபோன் போட்டு விசாரிக்கலாம். அகாடெமிக் ஆல்-ஸ்டேட் மாதிரி படிப்போடு சேர்ந்த விருது இருந்தால் டிவிஷன் 3 கோச்சுக்கு எழுதும்போது அதை முதலில் வையுங்கள்.

மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுதவேண்டும். அப்பா எழுதினால் கோச்சுக்குத் தெரிந்துவிடும், எப்படியோ தெரிந்துவிடும் (நான் எழுதிய மூன்றுக்கும் பதில் வரவில்லை, அவள் எழுதிய எட்டில் ஐந்துக்கு வந்தது). பட்டம் முடிக்கும் வருடம், பொசிஷன், உண்மையான உயரம், ஜிபிஏ, எஸ்ஏடி மாதிரி டெஸ்ட் எழுதியிருந்தால் ஸ்கோர், விருது, வீடியோ இணைப்பு, அடுத்து ஆடப்போகும் ஆட்டங்களின் தேதியும் ஜிம்மும், அந்தக் கல்லூரி ஏன் வேண்டும் என்று ஒரே ஒரு நிஜமான காரணம். அவ்வளவுதான். உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டிப் போடாதீர்கள், கோச் நேரில் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். தலைமைக் கோச்சோடு துணைக் கோச்சுக்கும் அனுப்புங்கள், பல இடங்களில் முதலில் படிப்பது துணைக் கோச்சுதான். டிவிஷன் 2 கோச்சுகள் ஜூனியர் வருடத்துக்கு (பதினொன்றாம் வகுப்பு) முந்தைய ஜூன் 15-க்கு முன்னால் திரும்பக் கூப்பிட முடியாது, அதனால் அதற்கு முன்பு மௌனமாக இருந்தால் மனம் உடையவேண்டாம். டிவிஷன் 3 கோச்சுகளுக்கு மின்னஞ்சலிலும் ஃபோனிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வீடியோ மூன்று நிமிடம் போதும். பாட்டு வேண்டாம், தீப்பிடிக்கும் எழுத்து வேண்டாம். முதல் ஐந்து காட்சிகளிலேயே முடிவு செய்துவிடுவார்கள் என்பதால் நல்லதை முன்னால் வையுங்கள், அதில் ஒன்றாவது டிஃபென்ஸாக இருக்கட்டும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் பதிவு, அதுவும் பலமான அணியோடு ஆடியது, தோற்றிருந்தாலும் பரவாயில்லை. பந்து கையில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறாள், கோச் வெளியே உட்காரவைத்தால் முகம் எப்படிப் போகிறது என்பதையெல்லாம் அதில்தான் பார்க்கிறார்கள்.

"எலீட் கேம்ப்புக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று வரும் அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கால்வாசி மொத்தமாக அனுப்பப்படுபவை. பணம் கட்டுவதற்கு முன் பிள்ளை அந்தக் கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, என் வீடியோவைப் பார்த்தீர்களா, எந்த பொசிஷனுக்கு ஆள் தேடுகிறீர்கள் என்று கேட்கட்டும். பதில் வந்தால் போங்கள்.

ரோஸ்டர் கணக்குக்கு வருவோம், இதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சின்னத் தனியார் கல்லூரிகள் பலவும் மாணவர்கள் கட்டும் கட்டணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அணியில் ஆள் சேர்ந்தால் கல்லூரியில் ஆள் சேர்ந்த மாதிரி. அதனால் சில கோச்சுகளுக்கு வருடத்துக்கு இத்தனை பேரைக் கொண்டுவரவேண்டும் என்று எண்ணிக்கையே இருக்கும், ஜேவி எனப்படும் இரண்டாம் நிலை அணியையும் சேர்த்து இருபத்தைந்து முப்பது பேர் பட்டியலில் நிற்பார்கள். அங்கே "உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்பதற்குப் பெரிய எடை இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரியின் தளத்தில் பழைய ரோஸ்டர்கள் அப்படியே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் முதல் வருட மாணவர்களாக எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணுங்கள், இன்றைய ஜூனியர்களில் (மூன்றாம் வருட மாணவர்கள்) அவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று பாருங்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் இருந்தால் நல்ல வீடு. பத்தில் இரண்டு என்றால் ஏன் என்று கேளுங்கள். அப்படியே உங்கள் பிள்ளையின் பொசிஷனில் அடுத்த இரண்டு வருடம் யார் இருக்கப்போகிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், கல்லூரி மாறுவது இப்போது சுலபமாகிவிட்டது. 2018-ல் கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2024 முதல் டிவிஷன் 1-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். ஆகவே மேலே இருக்கும் கோச்சுகள் பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட ஏற்கனவே கல்லூரியில் ஆடிய இருபது வயதுக்காரரை விரும்புகிறார்கள், பள்ளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு படி கீழே தள்ளப்படுகிறார்கள். ஆனால் அதே கதவு மேலே போகவும் திறக்கும். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் கல்லூரியில், அதாவது டிவிஷன் 3-ல், ஒரு வருடம் ஆடி 2014 இறுதி ஆட்டம் வரை போய், பிறகு மிச்சிகனுக்கு மாறி, அங்கிருந்து மயாமி ஹீட்டுக்குப் போனவர். டெரிக் வைட் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு டிவிஷன் 2 அணியில் ஆரம்பித்து 2024-ல் பாஸ்டனோடு என்பிஏ பட்டம் வாங்கினார். இவர்களை உதாரணமாக வைத்துத் திட்டம் போடாதீர்கள், லாட்டரி அடித்தவரைப் பார்த்து வீடு கட்டுவது மாதிரி.

சரி, காகித வேலை. டிவிஷன் 1, 2-க்கு என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் (தகுதியைச் சரிபார்க்கும் அலுவலகம்) பதிவு செய்து 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணக்கு போன்றவை) முடித்திருக்கவேண்டும், டிவிஷன் 2-க்கு அவற்றில் குறைந்தது 2.2 ஜிபிஏ. என்ஏஐஏ-வுக்குத் தனிப் பதிவு. டிவிஷன் 3-ல் அட்மிஷன் தகுதியைக் கல்லூரியே தீர்மானிக்கும். படிப்பில் கெடுபிடியான கல்லூரிகளில் ஜூனியர் வருடம் முடிந்த கோடையில் கோச் டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியல்) சீனியர் வருடப் பாடப் பட்டியலும் கேட்பார், அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுத்து முன்கூட்டியே ஒரு பார்வை பார்க்கச் சொல்வார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். கோச் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், செய்ய மறுத்தால் அவர் பட்டியலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று புரிந்துவிடும். ப்ரீ-ரீட் நன்றாக வந்தால் "ஏர்லி டிசிஷன் போடுங்கள்" என்பார். அது கட்டுப்படுத்தும் விண்ணப்பம், கிடைத்தால் போயாகவேண்டும், மற்றக் கல்லூரிகளின் பண உதவியை ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. அதனால் அதற்கு முன்பே பண உதவிக்கும் ஒரு ப்ரீ-ரீட் உண்டா என்று கேளுங்கள். குறைந்தபட்சம் கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்டவேண்டியதைக் கணிக்கும் கருவி) உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள், 2011 முதல் அதை வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

நாங்கள் அதைச் செய்யவில்லை. ஒரு கல்லூரிக் கோச் ஜூனில் இருந்தே வாரம் ஒருமுறை பேசினார், "பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்றார், நாங்களும் படவில்லை. மார்ச்சில் வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கோச் பொய் சொல்லவில்லை, அவர் கையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். அதிலிருந்து கோச் பணத்தைப் பற்றிச் சொல்லும் எதையும் நான் காதில் வாங்குவதில்லை, ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகம் எழுத்தில் கொடுப்பது மட்டும்தான் கணக்கு. அந்தக் கடிதத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம், அதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரியின் கடிதத்தை இணைத்து மரியாதையாகக் கேட்டால் சில சமயம் கூடும்.

எச்-4 விசாவில் (எச்-1பி மாதிரி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா (அரசு உதவிக்கான விண்ணப்பம்) வழியாக வரும் ஃபெடரல் உதவி கிடைக்காது. ஆனால் கல்லூரியே மதிப்பெண்ணுக்குத் தரும் மெரிட் பணத்தைப் பல இடங்களில் வாங்கலாம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். மெரிட் பணத்தைத் தக்கவைக்க எந்த ஜிபிஏ வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதில் டிவிஷன் 3-க்கு ஒரு சௌகரியம் உண்டு: முழங்கால் போனாலும், அணியை விட்டு விலகினாலும் அந்தப் பணம் போகாது. விளையாட்டு ஸ்காலர்ஷிப் பல இடங்களில் வருடா வருடம் புதுப்பிக்கவேண்டியது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒரு இரவு அணியோடு தங்க விடுங்கள், நீங்கள் கூடவே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். மதிய லேப் வகுப்பும் பயிற்சியும் மோதினால் என்ன செய்கிறீர்கள் என்று அங்கே பயாலஜியோ இன்ஜினியரிங்கோ படிக்கும் ஒரு வீராங்கனையிடம் கேட்கச் சொல்லுங்கள், கோச்சிடம் கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் வரும். குளிர்கால விடுமுறையில் மற்றவர்கள் வீட்டில் இருக்கும்போது அணி காலி கேம்பஸுக்குத் திரும்பிவிடும், அதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

முடிவெடுத்தபின் டிவிஷன் 3-ல் கையெழுத்துப் போட ஒரு படிவம் தருவார்கள். அது படம் எடுக்க மட்டும், யாரையும் கட்டுப்படுத்தாது, டெபாசிட் கட்டினால்தான் இடம். மற்றக் கோச்சுகளுக்கு அதே வாரத்தில் இரண்டு வரி எழுதிவிடச் சொல்லுங்கள்: வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், உங்கள் நேரத்துக்கு நன்றி. என் மகள் அப்படி எழுதிய ஒரு துணைக் கோச், அடுத்த வருடம் அவள் சேர்ந்த கல்லூரிக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார்.