அசல் ரிவால்வரும் இத்தாலி நகலும்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிச் சந்தை. பக்கத்து மேசையில் ஒரு பையன் அசல் கோல்ட் 1851 நேவி ரிவால்வர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டரில் இரண்டு நிப்பிள் (கேப் மாட்டும் சிறு முனை) நசுங்கியிருந்தன. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே ஆறு புத்தம்புது நிப்பிள். தன் நகல் துப்பாக்கிக்கு வாங்கியதாம், இதற்கும் பொருந்துமா என்று கடைக்காரரைக் கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் வேலையில் இறங்கியவன் நான்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்குக் கேப் வைத்துச் சுட்டிருப்பீர்கள். பெர்குஷன் ரிவால்வரும் அதே சங்கதிதான். சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கருமருந்தும் ஈயக்குண்டும், பின்னால் நிப்பிளின் மேல் ஒரு செப்புக் கேப். சுத்தியல் கேப்பில் அடித்தால் பொறி உள்ளே போகும். வாங்கியதும் காலியா என்று பார்ப்பது, சுட்ட அன்றே கழுவுவது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் ஆண்டை நம்புவது

"1858 ரெமிங்டன்" என்று விற்கிறார்களே, அந்த ஆண்டு குழலின் மேல் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதி: 1858 செப்டம்பர் 14. நகல்கள் பின்பற்றும் நியூ மாடல் ஆர்மி உற்பத்திக்கு வந்தது 1863 வாக்கில். அசலைத் தேடுகிறவர் 1858இல் செய்தது வேண்டும் என்று அலைந்தால் செருப்புத்தான் தேயும்.

இதைவிட வேடிக்கை பித்தளைச் சட்டம் (குழலையும் பிடியையும் தாங்கும் உடல்) போட்ட ".44 நேவி". இந்த .44, .36 எல்லாம் குண்டின் அளவு, அங்குலத்தில். கோல்ட் 1851 நேவி .36இல் மட்டுமே வந்தது, சட்டம் இரும்பு. பித்தளைச் சட்டத்தில் செய்தவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு வந்த தென் மாநிலத்தார். ஜார்ஜியாவின் கிரிஸ்வால்டுவில்லில் செய்தார்கள், அதுவும் .36தான். ஆகவே பித்தளை .44 ஒன்றைக் காட்டி "தாத்தாவின் துப்பாக்கி" என்று யாராவது சொன்னால், தாத்தா அதை 1960க்குப் பிறகு வாங்கியிருக்கிறார்.

முத்திரை இல்லை, எனவே அசல்

இத்தாலியில் செய்த நகல்கள் கார்டோனே வால் ட்ரோம்பியா சோதனைச் சாலையின் முத்திரையோடு வரும். "பி.என்." என்ற எழுத்துகள் கருமருந்தைக் குறிக்கும். 1975க்கு "ஏ.ஏ." என்று தொடங்கி, ஆண்டைக் காட்டும் குறியீடும் இருக்கும். குண்டைக் கெட்டிக்கும் நெம்புகோலை இறக்கிவிட்டு அடியிலும் பாருங்கள். ஆனால் முத்திரையை அரத்தால் எடுத்துவிட்டுத் துருவேற்றி விற்பவர்கள் உண்டு. அதனால் நான் முத்திரையைவிடத் தேய்மானத்தைப் பார்ப்பேன். அசல் நேவியின் சிலிண்டரில் 1843 மே 16 அன்று டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய காட்சி இருக்கும். உறையில் உரசி உரசி அது ஒரு பக்கம் அழிந்தும் இன்னொரு பக்கம் தெளிவாகவும் இருப்பது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

நகலின் உதிரியை அசலில் திணிப்பது

இதைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

என் அசல் நேவியில் ஒரே ஒரு நிப்பிள் தலை உடைந்திருந்தது. சில டாலருக்கு நகலின் நிப்பிள் வாங்கினேன். இரண்டு சுற்று சுகமாகப் போனது, அப்புறம் இறுகியது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன், ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், காலையில் சாவியைப் போட்டு அழுத்தித் திருகினேன். "கிறீச்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெண்ணெய் மாதிரி இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே பழைய மரை செதுக்கப்படுவதால்தான் அது இறங்குகிறது என்று புரியவில்லை. மரை கழன்றது துப்பாக்கிக்கு மட்டுமா என்று மனைவி கேட்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

நகலின் நிப்பிள் 6 மில்லிமீட்டர், புரிக்குப் புரி 0.75 மில்லிமீட்டர். அசல் அங்குலக் கணக்கில் செய்தது. புதியது கடினமான எஃகு, பழைய சிலிண்டர் அதைவிட மெத்து. இரண்டும் மோதினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டாம். வேறு சிலிண்டர் மாற்றலாமே என்பீர்கள். குழல், சட்டம், விசைக்காவல், சிலிண்டர் என்று எல்லாவற்றிலும் ஒரே எண் அடித்திருப்பதுதான் அசலின் மதிப்பில் பெரும்பங்கு. சிலிண்டரை மாற்றினால் அதுவும் போச்சு. விற்கப் போனபோது வாங்க வந்தவர் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்தார், அந்த ஒரு துளையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார். கடைசியில் வேறொருவருக்குப் பாதி விலைக்குப் போனது.

பொருந்தவில்லை என்றால் புதியதைத்தான் தேய்க்க வேண்டும். பழைய மரையை அளந்து அதற்கேற்ப நிப்பிளைக் கடைந்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கூலி கூடத்தான், கொடுங்கள்.

ஆப்பு விஷயத்திலும் இதே கூத்து. கோல்ட் ரிவால்வரில் மேல்சட்டம் கிடையாது. குழலைச் சிலிண்டர் சுழலும் நடுத்தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு ஆப்பு. அசலில் தண்டின் நுனி குழலின் குழியில் போய் முட்டி நிற்கும். ஆப்பை அடித்து இறுக்கினாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. பல நகல்களில் தண்டு கொஞ்சம் குட்டை. ஆப்பு ஆழமாகப் போனால் குழல் பின்னால் வந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். நகலில் பழகியவர்கள் அசலிலும் அதே கோளாறு இருக்கும் என்று எண்ணி, ஆப்பை அரத்தால் தேய்க்கிறார்கள். ஆப்பசைத்த குரங்காவது தெரியாமல் செய்தது. அந்த ஆப்பிலும் எண் உண்டு ஐயா!

பளபளப்பாக்குவது

வேண்டாம்.

புகையில்லா மருந்து

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் மருந்து அது. அசல், நகல் இரண்டிலும் கூடாது. கருமருந்தோ அதற்கு மாற்றாக விற்கும் தூளோ மட்டும்.

சுட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

"அசல் சரியாகச் சுடவில்லை, நகலே தேவலை" என்று சொல்பவர்கள் 150 வருஷம் துருவேறிய குழலைப் புதுக் குழலோடு ஒப்பிடுகிறார்கள். கோல்ட் அசலில் குழலின் வரிமுறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் முறுக்கு) வாய்ப்பக்கம் போகப் போகக் கூடும், நகலில் ஒரே சீராக இருக்கும். இரண்டுமே குறிக்கு மேலே அடிப்பது பழுதல்ல. குறிபார்க்கும் பின்குறி சுத்தியலில் வெட்டிய ஒரு பள்ளம்தான், பாவம் அது என்ன செய்யும்.

அசலைச் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அனுபவமுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் முதலில் காட்டுங்கள். அவர் சரி என்றாலும் நகலுக்கு வாங்கிய குண்டையே போடாதீர்கள். அறையின் அகலம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். குண்டைக் கெட்டிக்கும்போது வாயோரம் மெல்லிய ஈய வளையம் சீவி விழ வேண்டும். விழவில்லை என்றால் குண்டு சிறியது, பக்கத்து அறையின் பொறி உள்ளே புகுந்து இரண்டு மூன்று அறை சேர்ந்து வெடிக்க வழியுண்டு. அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, அறைகளை அளந்து அதற்கேற்ற குண்டு வாங்குங்கள்.